தெரிந்த சொல்தான் காலை வாரும்

எங்கள் அலுவலகத்தில் பீகார்க்காரத் தம்பி ஒருவர் வேலை பார்க்கிறார். கோவைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வகுப்பு எதற்கும் போகாமல் காதால் கேட்டே தமிழ் பழகியவர். அவர் முதன்முதலில் பிடித்துக்கொண்ட சொற்களில் ஒன்று ‘அடி’. பேருந்து நிலையத்தில் இரண்டு பேர் கட்டிப் புரண்டதை வேடிக்கை பார்த்தபோது கூட்டத்தில் யாரோ கத்தியதைக் கேட்டுக் கற்றதாம். அடி என்றால் இந்தியில் ‘மார்னா’. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், கணக்கு முடிந்தது என்று மனசில் எழுதி வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் மாதத்து மத்தியானம் ஒன்றில் டீக்கடைக்கு நடந்துகொண்டிருந்தோம். “என்னா வெயில் அடிக்குது!” என்றேன். அவர் சட்டென்று திரும்பி, “யாரை அண்ணா?” என்றார்.

சிரித்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அன்றைக்குக் காலையிலிருந்து எங்கள் பேச்சில் எத்தனை ‘அடி’ வந்துபோயிருக்கிறது! காலையில் அலாரம் அடித்தது. ஒருவருக்கு ராத்திரி முழுக்கக் காய்ச்சல் அடித்ததால் லீவு. சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்திருந்தார். அந்த வாடை மாடி வரைக்கும் அடித்தது. மேலாளர் ஒரு ரவுண்டு அடித்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் ஒருவன் கண்ணடித்தான், இன்னொருவன் கமென்ட் அடித்தான். வண்டிக்குக் காற்று அடிக்க வேண்டும், தண்ணீர் கேன்காரருக்குப் போன் அடிக்க வேண்டும், சாயங்காலம் தண்ணி அடிக்கப் போவது யார் யார் என்று மூலையில் தனியாக ஒரு பேச்சு. இத்தனை அடியிலும் ஒருவர் மேல் ஒருவர் கை வைக்கவில்லை.

பிறந்ததிலிருந்து தமிழில் ஊறியவருக்கு இதில் விளக்க எதுவும் இல்லாததுபோல் தோன்றும். வெளியிலிருந்து வருகிறவருக்கு ஒவ்வொன்றும் ஒரு முட்டுச்சந்து. வேற்றுமொழி ஒன்றைக் கற்கிறவர் இப்படிப் பல பொருள் தரும் சொல்லை எப்படிப் புரிந்துகொள்கிறார், எங்கே சறுக்குகிறார் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒரு சின்ன வேறுபாடு. ‘ஆறு’ என்றால் எண். ஆறு என்றால் நதி. இரண்டுக்கும் பொருளில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒலி மட்டும் ஒன்றாய் அமைந்துவிட்டது. ‘கல்’ என்பது பாறைத்துண்டாகவும் ‘படி’ என்ற ஏவலாகவும் இருப்பதும் இந்த வகைதான். ஆனால் நதியைக் குறிக்கும் ‘ஆறு’ பழந்தமிழில் வழியையும் குறிக்கும். அந்த வழிதான் ‘அவ்வாறு’, ‘இவ்வாறு’ என்பதற்குள் இன்றும் இருக்கிறது. நீர் போகும் தடம், ஆள் போகும் தடம், ஒரு காரியம் நடக்கும் விதம் என்று பொருள்கள் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டு நிற்கின்றன. ‘அடி’யின் பொருள்கள் பெரும்பாலும் இப்படிக் கைபிடித்து நிற்பவை. ஏதோ ஒன்று வேகத்தோடு வந்து இன்னொன்றின் மேல் படுகிறது என்ற உணர்ச்சி வெயிலிலும் உண்டு, வாடையிலும் உண்டு, காற்றிலும் உண்டு. பொருள்கள் உறவோடு விரியும் இந்த நிலையை மொழியியலார் ‘பாலிசெமி’ என்பார்கள். பிரெஞ்சு அறிஞர் மிஷேல் பிரேயால் 1897இல் வெளியிட்ட நூலின் வழியாகப் பரவிய பெயர் அது. தற்செயலாய் ஒலி ஒத்துப்போவது ‘ஹோமோனிமி’.

கற்கிறவருக்கு இந்த வேறுபாட்டால் ஒரு லாபம் இருக்கிறது. உறவுள்ள பொருளை ஓரளவு ஊகிக்கலாம். ‘ஆறு மணி’யிலிருந்து ‘காவிரி ஆறு’க்கு எந்த ஊகமும் கொண்டுபோய்ச் சேர்க்காது, அதை நேராக நெட்டுருப் போட வேண்டியதுதான். சொல்லப்போனால் அப்படிப்பட்ட சொற்கள் அவ்வளவு தொல்லை தருவதில்லை. எண்ணும் நதியும் மோதிக்கொள்ளும் வாக்கியம் எத்தனை வந்துவிடப் போகிறது? தொல்லையெல்லாம் உறவுக்காரப் பொருள்களால்தான். வீட்டிலும் அப்படித்தானே.

இன்னொரு அநியாயமும் உண்டு. ஒரு மொழியில் எந்தச் சொல் அதிகம் புழங்குகிறதோ அதற்குத்தான் பொருளும் அதிகம். ஹார்வர்டைச் சேர்ந்த ஜார்ஜ் கிங்ஸ்லி ஸிஃப் இதை 1945இலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைத் திருத்தி எழுதும் பணியில் ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார்கள். அதைச் செய்த பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ என்ற பெரிய சொல்லுக்கோ ஒரே பொருள். ஒரு தடவை படித்தால் போதும், வாழ்நாள் முழுக்க அது மாறாது. ஆங்கிலம் கற்கிற நம் பிள்ளைகள் ஃபோட்டோசிந்தசிஸைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், ‘ரன்’னைப் பார்த்து மூன்றாம் வகுப்பிலேயே தெரியும் என்கிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் கோளாறு.

ஏன் கோளாறு? புதுச்சொல் ஒன்றைக் கற்கும்போது நாம் அதற்கு வெறும் பெயர்ப்பலகை மட்டும் மாட்டுவதில்லை. தாய்மொழியில் அதற்கு இணையாகத் தோன்றும் சொல்லின் மூட்டையை அப்படியே தூக்கி அதன் தலையில் வைத்துவிடுகிறோம். ஜூடித் க்ரோல், எரிகா ஸ்டூவர்ட் இருவரும் 1994இல் முன்வைத்த விளக்க மாதிரி ஒன்று இதைத் தெளிவாகச் சொல்கிறது: தொடக்க நிலையில் இருப்பவர் புதிய மொழிச் சொல்லிலிருந்து நேரே பொருளுக்குப் போவதில்லை, தாய்மொழிச் சொல்லைத் தொட்டுவிட்டுத்தான் போகிறார். பழகப் பழகத்தான் நேர்வழி திறக்கிறது.

பழகியவர்களிடமும் பழைய மூட்டை முழுதாக இறங்கிவிடுவதில்லை என்பதை நான் ஜியாங் என்ற ஆய்வாளர் 2002இல் காட்டினார். (‘நான்’ அவருடைய பெயர். தமிழில் எழுதும்போது இதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.) ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி பெற்ற சீனர்களிடம் ஆங்கிலச் சொல் இணைகளைக் கொடுத்து, இவை இரண்டும் பொருளில் எவ்வளவு நெருக்கம் என்று கேட்டார். சீனத்தில் ஒரே சொல்லால் மொழிபெயர்க்கப்படும் இணைகளை அவர்கள் கூடுதல் நெருக்கம் உள்ளவையாகப் பார்த்தார்கள். எடுத்துக்காட்டாக, சீன மொழியில் கேள்வியையும் சிக்கலையும் ஒரே சொல்லால் சொல்ல முடியும். ஆங்கிலத்தில் ‘கொஸ்டின்’ வேறு, ‘ப்ராப்ளம்’ வேறு என்று பேசும்போது சரியாகவே பயன்படுத்துகிற சீனருக்கும், உள்ளே அவை இன்னும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்.

நமக்கு இதே வேலையைச் செய்வது ‘கேள்’. பாட்டுக் கேட்கிறோம், சந்தேகம் கேட்கிறோம், கடன் கேட்கிறோம், சத்தம் கேட்கிறது, சொன்ன பேச்சைக் கேட்கிறோம் அல்லது கேட்பதில்லை. இந்த ஒற்றைச் சொல்லை ஆங்கிலம் ‘ஹியர்’, ‘லிஸன்’, ‘ஆஸ்க்’, ‘ஒபே’ என்று துண்டு போட்டு வைத்திருக்கிறது. காதில் தானாக விழுவது ஒன்று, காது கொடுத்துக் கேட்பது ஒன்று, வாய் திறந்து கேட்பது மற்றொன்று. தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலம் பேச முனைகிறவர் ‘ஹியர்’ எங்கே, ‘லிஸன்’ எங்கே என்று தடுமாறுவதைப் பார்த்திருக்கிறோம். அது கவனக்குறைவு என்று ஆசிரியர்கள் சிவப்பு மையில் சுழிக்கிறார்கள். கற்கிறவருடைய மனசில் அங்கே கோடே இல்லை. இல்லாத கோட்டைத் தாண்டியதற்கு அவர் என்ன செய்வார்?

எதிர்ப்பக்கமும் அப்படியே. தமிழ் கற்கிறவருக்கு ‘தெரியும்’ ஒரு புதிர். “எனக்குத் தமிழ் தெரியும்”, “இங்கேர்ந்து பார்த்தா மலை தெரியும்.” அறிவதும் கண்ணில் படுவதும் நமக்கு ஒன்றாக இருப்பது அவருக்குக் கொஞ்சம் கவித்துவமாகக்கூடத் தோன்றலாம். அல்லது எரிச்சலாக.

பீகார்க்காரத் தம்பியிடம் திரும்புவோம். ‘அடி’யின் எல்லாப் பொருளும் அவருக்குச் சம அளவு கடினமாக இல்லை. இந்தியிலும் கண்ணடிப்பது ‘ஆங்க் மார்னா’தான். ரவுண்டு அடிப்பது ‘சக்கர் மார்னா’. அரட்டை அடிப்பதற்கு ‘கப் மார்னா’ என்பார்கள். மூன்றிலும் நம்முடைய ‘அடி’ அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மணி அடிப்பதற்கு வந்தால் ‘பஜானா’ என்று சொல் மாறிவிடும். வாத்தியம் வாசிப்பதற்கும் அதுதான். காய்ச்சல் அங்கே அடிக்காது, வரும் அல்லது ஏறும். ஆக, இரண்டு மொழிகளின் மூட்டைகளைப் பிரித்து அருகருகே வைத்தால் பாதி ஒத்துப்போகும், பாதி போகாது. எந்தப் பாதி என்பதுதான் கேள்வி.

ஒத்துப்போகிற பாதியாவது சுலபமாக இருக்கும் என்று நினைப்போம். அங்கேதான் ஒரு வேடிக்கை. நெதர்லாந்தில் நைமேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் கெல்லர்மன் 1970களின் பிற்பகுதியில் ஒரு சோதனை செய்தார். டச்சு மொழியில் ‘ப்ரேகன்’, ஆங்கிலத்தில் ‘ப்ரேக்’, உடைவது, உடைப்பது. அந்த டச்சுச் சொல் வரும் 17 வாக்கியங்களை ஆங்கிலம் கற்கும் டச்சுக்காரர்களிடம் கொடுத்து, இவற்றில் எதையெல்லாம் ‘ப்ரேக்’ போட்டு ஆங்கிலத்தில் சொல்லலாம் என்று கேட்டார். உண்மையில் எல்லாவற்றையும் சொல்லலாம். கால் உடைந்தது என்பதற்குப் பெரும்பாலோர் தயங்காமல் ஆம் என்றார்கள். வேலைநிறுத்தத்தை உடைத்தார்கள் என்பதற்கு மிகச் சிலரே ஆம் என்றார்கள். கீழே விழுந்தவனை மரக்கிளை தாங்கி வேகத்தைக் குறைத்தது என்பதற்கும் டச்சுக்காரர் ‘உடை’ என்ற சொல்லைத்தான் போடுவார், ஆங்கிலேயரும் அதையே போடுவார். ஆனால் கற்கிறவர் அதை நம்பவில்லை.

தன் மொழியில் ஒரு சொல்லின் நடுமையமான பொருள் எது, ஓரத்துப் பொருள் எது என்று பேசுகிறவருக்கு உள்ளூர ஒரு கணிப்பு இருக்கிறது. நடுவில் இருப்பது உலகத்துக்கே பொது, ஓரத்தில் இருப்பது எங்கள் ஊர் வழக்கு என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். தமிழில் ‘கண்ணடி’ என்று தைரியமாகச் சொல்ல எங்கள் தம்பிக்கும் பல மாதம் ஆனது. “அது எங்க ஊர்ல மட்டும்தான்னு நெனச்சேன் அண்ணா” என்றார். கையில் சாவியை வைத்துக்கொண்டே பூட்டிய வாசலில் காத்திருந்திருக்கிறார்.

எல்லாரும் அப்படிக் கூச்சப்படுகிறவர்கள் இல்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ‘சீன் போடாதே’ என்பதை ஆங்கிலத்தில் ‘டோன்ட் புட் சீன்’ என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள். சண்டை போடு, மொக்கை போடு, போன் போடு எல்லாவற்றிலும் ‘போடு’ ‘புட்’ ஆகிவிடும். கேட்கிற எல்லாருக்கும் அடியில் அதே தமிழ் இருப்பதால் யாருக்கும் உறுத்துவதில்லை. கெல்லர்மனின் டச்சுக்காரர்கள் பரீட்சை எழுதினார்கள். இவர்கள் கான்டீனில் பேசுகிறார்கள். இடம் மாறினால் துணிச்சலும் மாறும் என்று நினைக்கிறேன்.

தமிழ் பேசுகிறவர்கள் ஆங்கிலம் கற்பதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நாம் ஆங்கிலத்தை வகுப்பில் முதன்முதலாகச் சந்திப்பதே இல்லை. நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் ஏற்கெனவே நம் வீட்டில் தமிழாகக் குடியிருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரே ஒரு பொருளோடு. ‘கரண்ட்’ என்றால் மின்சாரம். அவ்வளவுதான், அது போகும், வரும். போட்டித் தேர்வுப் புத்தகத்தில் ‘கரண்ட் அஃபேர்ஸ்’ என்று முதன்முதலாகப் பார்க்கும் கிராமத்துப் பையன் மின்வாரியச் செய்திகளோ என்று ஒரு கணம் திகைத்தால் அதில் தப்பே இல்லை. ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருப்பது என்ற கருத்திலிருந்து நீரோட்டம், மின்னோட்டம், இப்போது நடந்துகொண்டிருப்பது என்று அது கிளைவிடுகிறது. நம்மிடம் ஒரு கிளைதான் ஒடிந்து வந்து சேர்ந்தது. ‘மெஸ்’ என்றால் நமக்கு வாழை இலையும் ரசமும். ‘வாட் அ மெஸ்’ என்று வெள்ளைக்காரர் முகம் சுளித்தால் சாப்பாட்டைக் குறை சொல்கிறார் என்று தோன்றும். ‘பவர்’ நமக்கு மின்சாரம், பதவி, மூக்குக்கண்ணாடி. கணக்கில் இரண்டின் பவர் மூன்று என்று வரும்போது நான்காவதாக ஒன்று முளைக்கிறது. தமிழ்ப் பாடநூல் இதை ‘அடுக்கு’ என்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாய் வைப்பது கண் முன்னால் தெரிகிறது. என்னைக் கேட்டால் அது மூலத்தைவிட நல்ல சொல்.

தமிழ் வழியில் பன்னிரண்டாவது முடித்துப் பொறியியல் கல்லூரியில் முதல் செமஸ்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கரும்பலகையில் ‘மீன்’ என்று வருகிறது. ‘வாட் டூ யூ மீன்’ தெரியும். ‘மீன்’ என்றால் அர்த்தப்படுத்துவது. சினிமாவில் கேட்ட ‘மீன்’ அற்பத்தனம். இங்கே அது சராசரி. வகுப்பறைக்கு வெளியே குழம்பில் கிடப்பது தனிக்கதை. ‘ப்ராடக்ட்’ கடையில் விற்கும் பொருள் இல்லை, பெருக்கிவந்த விடை. ‘டிஃபரன்ஸ்’ வேறுபாடு இல்லை, கழித்துவந்த மீதி. இவற்றில் ஒன்றைக்கூட அந்தப் பிள்ளை அகராதியில் தேடாது. தெரியாத சொல்லைத்தானே தேடுவோம்?

இந்தக் கண்ணிக்கு ஆய்வுலகிலும் பெயர் இருக்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்டியா லாஃபர், வாசிப்பவரை மடக்கும் சொற்களில் தனி வகையாகத் ‘தெரியும் என்று நினைத்துக்கொள்ளும் சொற்க’ளைப் பிரித்துக் காட்டினார். அவர் தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று ‘சின்ஸ்’. காலத்தைக் குறித்து ‘அதுமுதல்’ என்று ஒரு பொருள், காரணத்தைக் குறித்து ‘என்பதால்’ என்று இன்னொரு பொருள். முதலாவதை மட்டும் கற்றவர்கள் காரணம் சொல்லும் வாக்கியத்திலும் காலத்தையே வாசித்தார்கள். ‘அப்ஸ்ட்ராக்ட்’ என்றால் ‘அருவமான’ என்று படித்து வைத்தவர்கள், கட்டுரையின் சுருக்கம் என்று வர வேண்டிய இடத்திலும் அருவத்தையே போட்டார்கள். வாக்கியம் பொருந்தவில்லையே என்று நின்று யோசித்தார்களா? அதுதான் இல்லை. 1984இல் மார்ஷா பென்சூசனோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வில், தெரிந்த பொருளைப் பிடித்துக்கொண்டவர்கள் சூழல் மறுத்தாலும் அதை விடவில்லை என்று கண்டார். தெரிந்த பொருளை விடுவதற்குப் பதில் மற்ற வாக்கியங்களையெல்லாம் அதற்கேற்ப வளைத்துக்கொள்வார்கள். தெரியாத சொல்லாவது கையைக் காட்டி நிறுத்தும், தெரிந்த சொல் தோளில் கை போட்டுக்கொண்டே பள்ளத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும்.

அப்படியானால் தாய்மொழிக்காரர் மட்டும் எப்படித் தடுக்கி விழாமல் போகிறார்? அவருக்கு ஒரு பொருள்தான் தோன்றுகிறது என்று நினைத்தால் தவறு. டேவிட் ஸ்வின்னி 1979இல் செய்த சோதனை இதில் புகழ்பெற்றது. ஆங்கிலத்தில் ‘பக்’ என்றால் பூச்சி. உளவு பார்க்கச் சுவரில் ஒளித்துவைக்கும் ஒட்டுக்கேட்புக் கருவியும் ‘பக்’. சிலந்தி, கரப்பான் என்று பூச்சிகளை மட்டுமே பேசும் வாக்கியத்தில் அந்தச் சொல்லைக் காதில் ஒலிக்கவிட்டு, அதே நொடியில் திரையில் ஒரு சொல்லைக் காட்டினார். ‘எறும்பு’ என்று காட்டினாலும் வேகமாக அடையாளம் கண்டார்கள், ‘உளவாளி’ என்று காட்டினாலும் வேகமாகவே கண்டார்கள். பூச்சி வாக்கியத்தில் உளவாளிக்கு என்ன வேலை? இரண்டு பொருளும் ஒரு கணம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிடுகின்றன. ஆனால் மூன்று அசை தள்ளிச் சோதித்தபோது உளவாளி போய்விட்டான், எறும்பு மட்டும் நின்றது. வேண்டாததை உடனே வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவதில்தான் தாய்மொழிக்காரரின் சாமர்த்தியம் இருக்கிறது.

கற்கிறவருக்கு அந்தக் கதவு மெதுவாகத்தான் சாத்தும். போதாததற்கு வேறொரு வாசலும் திறந்து கிடக்கிறது. ஜெர்மன் மொழியில் ‘கீஃபர்’ என்ற சொல் பைன் மரத்தையும் குறிக்கும், தாடை எலும்பையும் குறிக்கும். ஆங்கிலத்தில் ‘பைன்’ வேறு, ‘ஜா’ வேறு; இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. கெர்ரி எல்ஸ்டன்-கூட்லரும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட சோதனையில், ஆங்கிலம் கற்ற ஜெர்மானியர்களுக்கு ‘பைன்’ என்று முடியும் ஆங்கில வாக்கியத்தைக் காட்டி, அடுத்து ‘ஜா’ என்ற சொல்லைக் காட்டினார்கள். ஜெர்மன் எங்கேயும் வரவில்லை. ஆனாலும் ஆங்கிலத் தேர்ச்சி குறைந்தவர்களிடம் அந்த மரம் தாடையை அசைத்தது. எதிர்வினை நேரத்திலும் மூளையின் மின்னலைகளிலும் அதன் தடம் தெரிந்தது. தேர்ச்சி மிகுந்தவர்களிடம் தெரியவில்லை. ‘கார்லண்ட்’ என்று ஆங்கிலத்தில் படிக்கும் தமிழ்ப் பிள்ளையின் மனசில் பூமாலையோடு சேர்ந்து அந்திமாலையும் ஒரு கணம் எட்டிப் பார்க்குமோ? யாராவது சோதித்துப் பார்த்தால் நன்றாயிருக்கும்.

சரியான பொருளை எதை வைத்துப் பொறுக்குகிறோம் என்ற கேள்விக்கு நம்மிடம் பழைய பதில் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் ‘பலபொருள் ஒருசொல்’ என்று பெயர் வைத்து, அதன் பொருள் மூன்று வழியில் தெளியும் என்கிறது: வினை, இனம், சார்பு. உரையாசிரியர்கள் ‘மா’வை வைத்து விளக்குவார்கள். மா பூத்தது என்றால் மரம். பூப்பது விலங்கால் ஆகாத காரியம், வினை காட்டிக்கொடுத்துவிட்டது. மாவும் மருதும் ஓங்கின என்றால் பக்கத்தில் நிற்கும் மருதமரம் இனத்தைச் சொல்லிவிடுகிறது. கவசம் அணிந்து நிற்பவன் மா கொண்டுவா என்றால் கேட்பது குதிரையை. மாங்கன்றைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. அது சார்பு. மா வீழ்ந்தது என்றால்? மரமும் விழும், குதிரையும் விழும். அப்படிப்பட்ட இடத்தில் எதுவென்று வெளிப்படையாகச் சொல்லிவிடு என்கிறது அடுத்த சூத்திரம். இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

இந்த மூன்று விளக்குகளும் கற்கிறவர் கையிலும் இருக்கின்றன, ஆனால் எண்ணெய் குறைவு. பக்கத்துச் சொல்லை வைத்து இந்தச் சொல்லை ஊகிக்கலாம் என்றால், பக்கத்துச் சொல் தெரிந்திருக்க வேண்டுமே. கவசம் அணிந்தவன் குதிரைதான் கேட்பான் என்ற ஊர்ப்பழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். புத்தகத்தில் என்றால் நின்று யோசிக்கலாம். பேச்சில், அதுவும் கோவைக்காரர் வேகத்தில், ஒரு சொல்லை முடிவு செய்வதற்குள் அடுத்த ஐந்து சொற்கள் தாண்டிப் போய்விடும்.

“யாரை அண்ணா?” என்ற கேள்வியை இப்போது மறுபடி கவனியுங்கள். அதில் அறியாமை குறைவு, இலக்கணம் அதிகம். ‘அடி’ என்றால் அடிபடுகிறவர் ஒருவர் இருந்தாக வேண்டும், அவர் பெயரோடு ‘ஐ’ வரும் என்பது வரை அந்தத் தம்பி பிடித்து வைத்திருந்தார். அவர் அறியாதது, வெயிலும் காய்ச்சலும் வாடையும் எழுவாயாக வந்தால் அந்த ‘ஐ’ தேவையில்லை என்பது. ‘ஐ’ வந்து ஆளும் வந்தால் உதை. ‘ஐ’ இல்லாமல் இயற்கை வந்தால் வேறு கதை. ‘அடி’யின் பொருள் பாதி அதற்குள் இருக்கிறது, மீதிப் பாதி அதன் கூட்டாளிகளிடம் இருக்கிறது.

அதனால் இப்படிச் சொற்களைத் தனியாகக் கற்பதில் பயனில்லை. ஜோடியாகத்தான் கற்க வேண்டும். ‘அடி’ என்று ஒரு வரி எழுதி எதிரே பத்துப் பொருளை அடுக்கிய நோட்டை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். பத்தில் இரண்டுகூட நாளைக்கு நிற்பதில்லை. ‘வெயில் அடி’, ‘மணி அடி’, ‘பெயிண்ட் அடி’ என்று துண்டுகளாகவே வாய்க்குப் பழக்கிவிட்டால் பொருளைப் பொறுக்கும் வேலையே மிச்சம். ஒரே நாளில் பத்தையும் கற்க வேண்டியதும் இல்லை. சண்டையில் கேட்ட ‘அடி’க்குப் பக்கத்தில், வெயிலில் கேட்ட ‘அடி’ வந்து உட்காரும் நாளில் அதைச் சேர்த்துக்கொண்டால் போதும். முக்கியமாக, ஒரு வாக்கியம் கொஞ்சம் விசித்திரமாகப் பட்டால், தெரியாத நீண்ட சொல்லை விட்டுவிட்டுத் தெரிந்த குட்டிச் சொல்லின் மேல் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அகராதியும் இதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். ஆக்ஸ்போர்டின் பெரிய அகராதி பொருள்களை வரலாற்று வரிசையில் வைக்கும். முதலில் நிற்பது பலசமயம் இன்று யாரும் பேசாத பழம்பொருள். கற்கிறவர் முதல் பொருளை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிற ஆள். அவருக்கு அது உதவாது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சிங்கிளேர் குழுவினர் 1987இல் கொண்டுவந்த கோபில்ட் அகராதி, உண்மையான பயன்பாட்டுத் தரவுகளிலிருந்து பொருளைப் பிரித்து, விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. சொல் தன் கூட்டாளிகளோடு சேர்ந்தே கண்ணில் படும். தமிழுக்கு அந்த இடத்தில் என் கை போவது 1992இல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதிக்கு. பொருளுக்குப் பொருள் எண் போட்டு, எடுத்துக்காட்டு வாக்கியமும் கொடுத்திருப்பார்கள். பழைய நிகண்டுக்காரர்களும் இதை விட்டுவைக்கவில்லை. திவாகரத்தின் பதினோராம் தொகுதி முழுக்க ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வதற்கென்றே ஒதுக்கியது. என்ன, அது செய்யுளில் இருக்கிறது. மனப்பாடம் செய்த காலத்துக்கு அது சரி.

தமிழ் எழுத்து தன் பங்குக்குச் செய்யும் குறும்பு ஒன்று பாக்கி. தம்பி படிக்கப் பழகும்போது ‘பாவம்’ என்ற சொல்லில் நின்றார். செய்தால் நரகம் கிடைப்பதும் பாவம், அவரைப் பார்த்து நாங்கள் சொல்வதும் பாவம், நாட்டியக்காரர் முகத்தில் காட்டுவதும் பாவம். மூன்றாவதை வாயால் சொல்லும்போது முதல் எழுத்தின் ஒலி மாறும், எழுத்தில் மாறாது. இந்தியில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து இருப்பதால் அவருக்கு இது சுத்த அநியாயமாகப் பட்டது.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் முதலில் அவரிடம்தான் காட்டினேன். எழுத்துக் கூட்டித் தலைப்பைப் படித்தார். ‘தெரிந்த’ புரிந்தது, ‘சொல்’ புரிந்தது. ‘காலை’ என்றால் சுப்ஹ், அலாரம் அடிக்கும் நேரம். ‘வாரும்’ என்பதைத் தன் அறைக்காரர் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லக் கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “தெரிஞ்ச சொல்லு காலையில தலை வாருமா, அண்ணா?”